கேட்டுவிட்டுத் தூக்குகிறவர்

ஆகஸ்ட் மாதம் நான்காம் தேதி, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். உடற்பயிற்சிக் கூடத்தின் சுவர்க்கடிகாரம் ஐந்தே கால் காட்டியது. அது ஐந்து நிமிடம் முன்னால் ஓடும் கடிகாரம் என்பது பின்னால் தெரிந்ததால், அதைக் கழித்துச் சொல்கிறேன். அந்த நேரத்தில்தான் அவர் ஓர் இரும்புத் தண்டிடம் அனுமதி கேட்பதை முதன்முதலாகப் பார்த்தேன்.

"தூக்கட்டுமா?" என்றார்.

தண்டு இடுப்பளவு உயரத்தில், தாங்கியின்மேல் கிடந்தது. அதில் எடைத்தட்டு ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அவர் ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். பிறகு அதை இரண்டு முழங்கைகளின் மடிப்பிலும் ஏந்திக்கொண்டு, பின்னால் நகர்ந்து, உட்கார்ந்து எழுந்தார். குழந்தையை ஏந்துவதுபோல என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் குழந்தையை யாரும் அவ்வளவு இறுக்கமான முகத்தோடு ஏந்துவதில்லை. தாங்கியில் திரும்ப வைப்பதற்கு முன்னும் கேட்டார்.

"எறக்கட்டுமா?"

கண்ணாடிப் பக்கம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பெண்கள் நேரத்துக்குப் பயிற்சியாளராக இருந்த கவுசி என்னைவிட ஓரிரு வயது மூத்தவள். அவளும் சிரித்தாள்.

"அக்கா, அது வேணாம்னு சொல்லாது. சும்மா தூக்குங்க."

"தெரியும்மா. கேட்டுக் கேட்டு பழகிப்போச்சி," என்றார் அவர். கோபமில்லை, வெட்கமும் இல்லை. அடுத்த முறையும் கேட்டார்.

அந்தக் கூடத்தில் முன்பு தறிகள் ஓடின. உரிமையாளர் அவற்றை ஐயம்பேட்டைக்கு மாற்றிய பின் தறிக்குழிகளைச் சிமெண்டால் நிரப்பி, மேலே கறுப்பு ரப்பர் விரிப்புப் போட்டிருந்தார். விரிப்பு எட்டாத ஒரு மூலையில் மட்டும் அடைத்த குழியின் சதுரம் வேறு நிறத்தில் தெரியும். அவர் அந்தச் சதுரத்தின்மேல் நின்றுதான் எடை எடுப்பார். கவுசி விரிப்பின்மேல் வரச் சொன்னால், "எங்க வூட்ல ரப்பர் இல்லம்மா, சிமெண்ட் தரதான்," என்பார்.

நான் அங்கே போனதற்கு ஒரு மருத்துவர் காரணம். அந்தக் கோடையில் எனக்குப் பசிப்பது நின்றுபோயிருந்தது. ஏன் என்பது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை. உடைகள் தளர்ந்தன. கல்லூரி நூலகத்தின் மாடிப்படியில் கண் இருண்டது. தசை கரைகிறது, எடை தூக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார் மருத்துவர். நான் முதல் பாதியை மட்டும் செய்தேன். காலையில் என் அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டே, "சாப்ட்டியாடி?" என்று கேட்பார். "சாப்ட்டேன்மா," என்பேன். இட்லிகள் என் பைக்குள் ஒரு தாளில் இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் இருந்த நாய்களுக்கு என் நேரம் பழகிவிட்டிருந்தது.

அவரைப் பற்றி அறிந்ததெல்லாம் கூடத்தின் பின்புறப் படிக்கட்டில்தான். மொட்டைமாடிக்குப் போகும் அந்தப் படிக்கட்டின் மேல்படியில் நின்றால் மேற்கு வானம் முழுதாகத் தெரியும். அவர் பயிற்சியின் நடுவிலோ முடிவிலோ, சூரியன் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து, அங்கே போய் நின்று சாப்பிடுவார். தென்னேரிப் பக்கத்து ஊர் ஒன்றின் சமணக் குடும்பம் அவருடையது. பொழுது சாய்ந்த பின் அவர்கள் சாப்பிடுவதில்லை. மண்ணுக்குள் விளையும் கிழங்கும் வெங்காயமும் பூண்டும் இல்லை. முட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை.

உடம்பில் கொழுப்பைக் குறைத்துத் தசையை ஏற்றுவது எப்படி என்று கவுசிக்குப் பாடமாகத் தெரிந்திருந்தது. அந்தப் பாடத்தில் சூரியன் வரவில்லை.

"எக்ஸர்சைஸ் முடிச்சதும் புரோட்டீன் எடுத்தாதான்கா மசில் ஏறும். நைட்டு ஒரு கிளாஸ் பாலாச்சும்?"

"நைட்டு தண்ணி மட்டுந்தான்மா."

"அப்ப சூரியன கொஞ்சம் லேட்டா போகச் சொல்லுங்க."

"கேட்டுப் பாக்கறேன்," என்றார் அவர்.

அவருடைய டப்பாவில் முளைகட்டிய பயறு இருக்கும். அல்லது கொண்டைக்கடலை, பனீர்த் துண்டுகள், கெட்டித்தயிர். மேற்கே பார்த்தபடி, மெல்லும் வேகத்தை வெளிச்சத்துக்கு ஏற்றவாறு கூட்டியும் குறைத்தும் சாப்பிடுவார். டப்பாவைத் திறந்ததும் என்னிடம் கேட்பார்: "வைக்கட்டுமா?"

"சாப்ட்டுட்டேன்கா."

"சரிம்மா."

அவ்வளவுதான். எங்கள் வீடுகளில் ஒருமுறை வேண்டாம் என்றவர்களை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பதுதான் முறை. அவர் ஒருமுறைதான் கேட்பார். கேட்டபின் காத்திருப்பார். வந்த பதிலை அப்படியே நம்புவார். அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

ஒருநாள் பேருந்து நிலையத்தருகே பூக்காரப் பெண் ஒருத்தி கூடையைத் தலைக்கு ஏற்ற முடியாமல் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் போய், "தூக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டு நின்றார். அவள், "கேட்டுக்கினே நிக்கிறியே, தூக்குமா! கை அறுந்துபோவுது!" என்று கத்தினாள். இவர் உடனே தூக்கிவிட்டார். அவள் திட்டிக்கொண்டே போனாள். இவர் திருப்தியாக இருந்தார், அனுமதி கிடைத்துவிட்டதல்லவா.

இன்னொரு நாள் நடந்தது அவ்வளவு வேடிக்கையாக இல்லை. தோளில் தண்டை வைத்து உட்கார்ந்த நான் எழ முடியாமல் சிக்கிக்கொண்டேன். அவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். "எடுக்கட்டுமாம்மா?" என்றார். எனக்குக் குரல் வரவில்லை. அவர் கைகளைத் தண்டின் இருபுறமும் நீட்டியபடி, தொடாமல், என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார். கவுசிதான் ஓடிவந்து பின்னாலிருந்து இழுத்துவிட்டாள்.

"இன்னாக்கா நீங்க, பாத்துக்கினே நிக்கிறீங்க?"

"அவ ஒண்ணும் சொல்லலியேம்மா."

எனக்கு அவர்மேல் வருத்தம் வரவில்லை. அந்த மாதங்களில் எனக்கு எதன்மேலும் எதுவும் வரவில்லை. ஆனால் அந்தக் கைகள் நின்ற விதம் நினைவில் இருக்கிறது.

கேட்கும் பழக்கத்துக்குக் காரணம் அவருடைய தாயார். பக்கவாதம் வந்து தாயாருக்கு இடப்பக்கம் செயலற்றுப்போயிருந்தது. தொடக்கத்தில் வேலைக்கு வைத்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் தூக்குவாளாம். பாதி உடம்பில் தொடுஉணர்ச்சி இல்லாததால், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தாயார் எங்கோ விழுவதாக நினைத்து அலறுவாராம். அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு இவரே தூக்கத் தொடங்கினார். கேட்டுவிட்டுத்தான் தூக்குவார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, மறுபடியும் கட்டில். தாயார் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்வாராம்: "மூட்ட ரெடி." இறக்கட்டுமா என்றால், "எறக்குடி, கை வலிக்கப்போவுது."

ஒருநாள் தாயாரோடு சேர்ந்து இவரும் விழுந்தார். இருவருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் சென்னையிலிருந்து தம்பி வந்துவிட்டார். அவர் கெட்டவரல்ல. நான் பின்னால் பார்த்தபோதும் அப்படித் தோன்றவில்லை. அக்காவுக்கு இடுப்பு போய்விடும் என்று பயந்தார். பொங்கலுக்கு வருவேன், அதற்குள் நீ தனியாகத் தூக்கிக் காட்டினால் அம்மா இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். இல்லத்தில் இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்கு. எல்லாருக்கும் ஒரே சமையல். விசாரித்தபோது அன்று உருளைக்கிழங்கு குருமா என்றார்களாம்.

"உன் தம்பி எனக்கு ராத்திரில சோறு போட்டு சாவடிக்கப் பாக்கறான்," என்று தாயார் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார் என்று இவர் என்னிடம் சொன்னார். இவர் சிரிக்கவில்லை.

ஆகவே எடை. இவர் நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயாரை ஆட்டோவில் மண்டிக்கு அழைத்துப்போய், மூட்டை நிறுக்கும் தராசில் சக்கர நாற்காலியோடு ஏற்றி நிறுத்தார். பிறகு நாற்காலியை மட்டும் நிறுத்துக் கழித்தார். தாயார் கேட்டாராம்: "இன்னா வெல போட்டாங்க?" அறுபதுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. கவுசி அதை அறுபதாக வைத்துக்கொண்டாள்.

"இந்த இரும்பு பாரு மட்டும் இருபது கிலோ. அந்தாண்ட ஒரு இருபது, இந்தாண்ட ஒரு இருபது. அதான்கா உங்க அம்மா. ஆனா ஒண்ணு, பாரு ஒரே மாதிரி நிக்கும். ஆளு அப்படி இல்ல, தொவண்டுபோவாங்க. அறுபது கிலோ பார விட அறுபது கிலோ ஆளுதான் கனம். பார்ல சுலபமாச்சின்னாதான் வூட்ல கஷ்டமில்லாம தூக்கலாம்."

புரட்டாசியில் இருபுறமும் சிறிய தட்டுகள் ஏறின. ஐப்பசியில் நடுத்தரத் தட்டுகள். அவருடைய முழங்கை மடிப்புகளில் தண்டு பதித்த சிவப்புக் கோடு நிரந்தரமானது. கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும் இயந்திரம் ஒன்று கூடத்தில் இருந்தது. தீபாவளிக்குப் பின் அவர் அதில் ஏறி நின்றபோது, கவுசி திரையைப் பார்த்துக் கைதட்டினாள்.

"வெயிட்டு அதேதான்கா. ஆளுதான் வேற!"

மார்கழித் தொடக்கத்தில் முதன்முறையாக இருபுறமும் இருபது ஏறியது. ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, அடித்தொண்டையில் ஒரு முனகலோடு எழுந்தார். அன்று எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் வீட்டில் தாயாரைத் தூக்குவது இதைவிட நன்றாக நடந்துகொண்டிருந்தது. "இப்பல்லாம் மூச்சே வாங்கலம்மா," என்று படிக்கட்டில் என்னிடம் சொன்னார். "அவ்ளோ சுலபமா இருக்குது. கவுசி சொன்னது சரிதான், மசிலு ஏறிடுச்சி." மேற்கே பார்த்துக்கொண்டு வேகமாக மென்றார். அந்த மாதத்தில் சூரியன் சீக்கிரமே போய்விடும். அவர் வீடு சேரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். கிளம்பும்போதே தாயாரின் கைக்கெட்டும் தூரத்தில் தட்டில் சாதம் பிசைந்து வைத்துவிட்டு வருவார். திரும்பிப்போய்க் கேட்பார்: "சாப்ட்டியாம்மா?" தாயார் சொல்வார்: "ஆச்சுடி." தட்டு காலியாக இருக்கும். மண்டியில் அறுவடை நெருக்கடி என்பதால் மதியமும் அப்படித்தான். காலைச் சாப்பாடு மட்டும்தான் மகளின் கண்ணெதிரே நடந்தது.

தாயார் இளைத்ததை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தார்கள். மழைக்காலம் நோன்புக் காலம். அப்போது அவர் ஆண்டுதோறும் உணவைக் குறைப்பவர். இரத்த அழுத்தத்துக்கு எடை குறைவது நல்லது என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

பொங்கலன்று என்னை வீட்டுக்கு அழைத்தார். "வர்றியாம்மா?" என்று கேட்டு, நான் வருகிறேன் என்று சொல்லும்வரை கூடத்தின் வாசலிலேயே நின்றார். திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் ஒரு வாடகை வீடு. முன்னறையில் சன்னலோரக் கட்டிலில் தாயார். அகன்ற எலும்பும் பெரிய சிரிப்புமாக இருந்தார்; புடவை உடம்பைச் சுற்றி நிறைய மடிப்புகளோடு கிடந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவதான் உன் ஜிம்மு சிநேகிதியா? இன்னாடி இது, ஊதினா பறந்துடுவா போலக்குது."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அக்கா, நர்ஸுங்களே ரெண்டு பேரா சேந்துதான் தூக்கறாங்க. உன் இடுப்பு போச்சின்னா உன்ன யாரு தூக்குவா?"

"ஏன், நீ தூக்கமாட்டியா?"

தம்பி கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். இவர் பதிலுக்குச் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலருகே போனார். சிமெண்டுத் தரையில் பாதங்களை அகலமாக ஊன்றினார். கூடத்தில் இருபுறமும் இருபது மாட்டியபின் இழுப்பாரே, அந்த மூச்சை இழுத்தார்.

"தூக்கட்டுமாம்மா?"

"மூட்ட ரெடி."

தூக்கினார். தாயார் எழும்பிய வேகத்தில் இவர் நிலைதடுமாறிப் பின்னால் நகர்ந்து, முதுகு அலமாரியில் இடித்தது. நிறைந்திருக்கும் என்று நினைத்துக் காலிக் குடத்தை இழுத்தவர் தடுமாறுவதைப் போன்ற தடுமாற்றம். தம்பி பதறி எழுந்தார். ஆனால் அக்காவின் கைகள் அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏய்! அம்மாவ பஞ்சு மூட்டயாட்டம் தூக்கறியே!"

எல்லாரையும்விடத் தாயார்தான் அதிகம் சிரித்தார். மகளின் கைகளில் இருந்தபடியே தம்பியைப் பார்த்து, "இன்னாடா, உன் ஹோமுக்கு நீயே போய் படுத்துக்க," என்றார். அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள். தாயார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்றார். நானும் அதையே சொன்னேன். இல்லத்தில் சொல்லிவைத்த இடம் வேண்டாம் என்று தம்பி எங்கள் எதிரிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

விடுமுறைக்குப் பின் கூடம் திறந்த முதல் நாள். அவர் அடைத்த குழியின் சதுரத்தில் நின்று, இருபுறமும் இருபது மாட்டி, கேட்டு, காத்திருந்து, தூக்கினார். மார்கழியில் வந்த அதே முனகல் வந்தது. அதே நரம்பு புடைத்தது. தாங்கியில் வைத்துவிட்டுத் தண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கவுசி, இது எவ்ளோ?"

"உங்க அம்மாக்கா. அறுபது."

"தட்ட சரியா பாரு."

கவுசி வந்து பார்த்தாள். "கரெக்டாதான்கா இருக்குது. இன்னா ஆச்சி?"

அவர் மறுபடியும் தூக்கினார். இந்த முறை பாதியில் கால் நடுங்கியது. இறக்கினார். இறக்குவதற்குக் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

"பார விட ஆளுதான் கனம்னு நீதானே சொன்ன?"

"ஆமாக்கா."

"அப்ப வூட்ல நான் தூக்கறது யார?"

கவுசிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது; எனக்கு முன்பே அவருக்குப் புரிந்திருந்தது. செருப்பைத் தேடினார், கிடைக்கவில்லை, விட்டுவிட்டார். நான் கவுசியின் வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்துகொண்டார். அவர் தலை மேற்குப் பக்கம் திரும்பியிருந்தது பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்தது.

வீட்டின் பக்கச் சந்தில் ஒரு பசு, சன்னல் கம்பிகளுக்குள் மூக்கை வைத்துக்கொண்டு நின்றிருந்தது. புதிதாக வந்த மாடு நிற்கும் விதமல்ல அது. கம்பிகளுக்கிடையே ஒரு வலக்கை வெளியே வந்தது. கையில் பிசைந்த சாதம் உருண்டையாக இருந்தது. பசு அவசரமில்லாமல் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டது.

எனக்குப் பேருந்து நிறுத்தம் நினைவுக்கு வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அவர் பின்னால் உள்ளே போனேன்.

தட்டில் பாதி சாதம் இருந்தது. தாயார் எங்களைப் பார்த்துக் கையைப் புடவையில் துடைத்தார்.

"இன்னாடி, சீக்கிரமே வந்துட்ட?"

"எத்தினி நாளா?"

"பாவம்டி, வாயில்லா ஜீவன்..."

"எத்தினி நாளாம்மா?"

தாயார் சன்னலைப் பார்த்தார். பிறகு மகளின் கைகளைப் பார்த்தார். "நீ தூக்கறப்ப முக்கறது எனக்கு கேக்குதுடி. உன் தம்பி வர்றப்ப நீ முக்கக் கூடாது. நான் கொஞ்சம் கம்மியானா உனுக்கு சுலபந்தானே. உன்னால எவ்ளோ ஏத்த முடியும்? நானும் என் பங்குக்கு கொஞ்சம் எறக்கினேன்."

அவர் தட்டை எடுத்தார். ஒரு கவளம் பிசைந்து தாயாரின் வாயருகே கொண்டுபோனார். "சாப்புடு," என்றார். தாயாரிடம் கேள்வியாக இல்லாமல் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே சொல் அது.

தாயார் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பினார். எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் இல்லை.

"பொழுது எறங்கிடுச்சிடி."

அவர் வெளியே ஓடினார். சந்து முனையில் நின்று மேற்கே பார்த்தார். நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். வானம் சிவந்திருந்தது, அதில் சூரியன் இல்லை. உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் அந்தக் கவளம் அப்படியே இருந்தது. அதைத் தட்டில் வைக்கவுமில்லை, பசுவுக்குக் கொடுக்கவுமில்லை. நான் கிளம்பும்போதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் அவர் கூடத்துக்கு வரவில்லை. பெண்கள் நேரமும் தாயாரின் கடைசிச் சாப்பாட்டு நேரமும் ஒன்று என்பதை அவர் முன்பு யோசித்திருக்கவில்லை, நாங்களும்தான். இப்போது அந்த நேரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து ஊட்டினார். தாயார் மறுக்கவில்லை, முயன்றார். ஆனால் வயிறு பழக்கத்தை விட்டுவிட்டிருந்தது. உள்ளே போனது தங்கவில்லை. மாசியில் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் சிலநாள் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் அந்தச் சதுரத்தின்மேல் வேறு யாரும் நிற்கவில்லை, வழுக்கும் என்றார்கள்.

பங்குனியில் ஒருநாள் காலை கவுசி அழைத்துச் சொன்னாள். இருவரும் போனோம்.

உறவினர்கள் வந்திருந்தார்கள். நீராட்டுவதற்காகப் பின்முற்றத்தில் மரப்பலகை போட்டிருந்தது. பெரியவர் ஒருவர் தலைமாட்டில் மந்திரத்தை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து எடுக்கப் பெண்கள் நான்குபேர் முன்னால் வந்தார்கள். தம்பியும் வந்தார்.

"விடுங்க. நான் தூக்கறேன்," என்றார் அவர்.

பாதங்களை ஊன்றினார். ஒரு கையைக் கழுத்துக்கடியிலும் ஒரு கையை முழங்காலுக்கடியிலும் நுழைத்தார். முழங்கை மடிப்பில் தண்டு பதித்த கோடு மறைந்துபோயிருந்தது.

"தூக்கட்டுமாம்மா?"

காத்திருந்தார். பெரியவர் மந்திரத்தை நிறுத்தினார். யாரோ ஒரு பெண் "நேரமாவுது..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. மூட்டை தயார் என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. அவர் தூக்கினார். முனகல் இல்லை, தடுமாற்றம் இல்லை. அறையைக் கடந்து, முற்றத்துக்கு இறங்கி, பலகையின் முன்னால் போய் நின்றார்.

"எறக்கட்டுமாம்மா?"

இதற்கும் காத்திருந்தார். இந்த முறை அவர் இறக்கவில்லை. கைகளை நீட்டியபடி, பலகைக்கு மேலே, தாயாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எறக்கும்மா" என்றார்கள். "போதும், எறக்கு" என்றார்கள். கேட்டது அவர்களிடம் இல்லை என்பதுபோல நின்றார். கைகள் அசையவில்லை. அவ்வளவு நேரம் அசையாமல் தாங்கும் கைகளை நான் கூடத்தில் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் தம்பி எதிரே வந்து, அக்காவின் கைகளுக்கடியில் தன் கைகளை வைத்தார். அப்படியே இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு இருவரும் சேர்ந்து இறக்கினார்கள்.

எல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பியபோது அவர் வாசல்வரை வந்தார். முடி நனைந்திருந்தது. கண்கள் உலர்ந்திருந்தன. வெயில் இன்னும் இருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்ட்டியாம்மா?"

காத்திருந்தார்.

"சாப்ட்டேன்கா," என்றேன்.

"சரிம்மா," என்றார். நம்பினார்.

மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு வாசலில் ஒரு செருப்பைப் போட்டிருந்தேன். பையில் தாள்பொட்டலம் இருந்தது. பின்பக்கம் துணி துவைக்கும் சத்தத்தின் நடுவே என் அம்மாவின் குரல் வந்தது.

"சாப்ட்டியாடி?"

செருப்பைக் கழற்றினேன்.

"இல்லம்மா," என்றேன்.

துவைக்கும் சத்தம் நின்றது. பிறகு சமையலறையில் தட்டை எடுக்கும் ஓசை கேட்டது.